கழிச்சா எப்படிங்க கூடும்?

கூட்டல், கழித்தல் பற்றிய கேள்விகளை அனுப்புங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கோவை பீளமேட்டிலிருந்தும் சுத்துப்பட்டிலிருந்தும் வந்து குவிந்தவற்றில் பாதி கேள்வி, பாதி புலம்பல். அனுப்பியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நாளைக்குப் பிள்ளை கலெக்டராகி வந்து நிற்கும்போது, "மூணாப்புல இவருக்குக் கழித்தல் வராதுங்க" என்று ஊரில் யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

மூன்றாம் வகுப்பு அம்மா, பீளமேடு புதூர்: ஏனுங்க, 203-ல 87 போனா எத்தனைன்னு கேட்டா 284-ன்னு எழுதறானுங்க. கழிச்சா எப்படிங்க கூடும்? அவங்கப்பா நோட்டைத் தூக்கி வீசிட்டார்.

அந்த நோட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அதில் விஷயம் இருக்கிறது. 3-ல் 7 போகாது. ஆனால் 7-ல் 3 போகும், 4. 0-ல் 8 போகாது. 8-ல் 0 போகும், 8. மிச்சமிருந்த 2 அப்படியே கீழே இறங்கிவிட்டது. ஆக 284. பையன் அசட்டையாக எதையும் எழுதவில்லை. 'பெருசுல இருந்து சின்னதைக் கழி' என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொன்னதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறான்.

1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பள்ளிப் பிள்ளைகளின் தப்புக் கழித்தல்களை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் கைக்கு வந்ததை எழுதுவதில்லை, தப்புக்குப் பின்னாலும் ஒரு விதி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று காட்டினார்கள். ஆசிரியர்களுக்குப் பழக்கம் கொடுக்க ஒரு கணினி விளையாட்டும் செய்தார்கள். கணினி ஒரு மாணவனைப் போலத் தப்புத் தப்பாகக் கணக்குப் போடும். எந்த விதியில் தப்புகிறது என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். அந்த விளையாட்டின் பெயர் 'பக்கி'. நம் வீடுகளில் பிள்ளையைத் திட்ட வைத்திருக்கும் அதே சொல். தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.

இன்றைக்கு ராத்திரி அவங்கப்பா செய்ய வேண்டியது ஒன்றுதான். "இதை எப்படிக் கண்ணு போட்டே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பையன் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வருவான். முடித்ததும், "உங்கிட்ட 203 ரூபாய் இருந்துச்சு. 87 ரூபாய்க்கு வாங்கித் தின்னுட்டே. மிச்சம் 284 இருக்குமா?" என்று கேளுங்கள். சிரிப்பான். பென்சில் அதற்கப்புறம்தான்.

அதே அம்மா, பின்குறிப்பாக: எங்க பையனுக்கு மட்டுந்தான் இப்படியுங்களா?

நாட்டுக்கே இப்படித்தான். கிராமப்புறப் பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதிக்கும் ஏசர் ஆய்வில், கடன் வாங்கிச் செய்யும் இரண்டு இலக்கக் கழித்தல் ஒரு முக்கியமான அளவுகோல். 2024 ஆய்வில் நாடு முழுக்க மூன்றாம் வகுப்பில் அதைத் தாண்டியவர்கள் 33.7 சதவீதம். மூன்று பேரில் ஒருவர். உங்கள் பையன் பெரும்பான்மைக் கட்சியில் இருக்கிறான்.

ஒரு அப்பா, ஹோப் காலேஜ்: பக்கத்து எண்கிட்டக் கடன் வாங்கணும்னு சொல்லிக் குடுத்தேன். "எப்பப்பா திருப்பிக் குடுப்போம்?"னு கேக்கறா. என்ன பதில் சொல்றது?

உங்கள் பெண்ணுக்கு எந்த வங்கியும் நம்பிக் கடன் தரலாம். அவள் கேட்பது நியாயம், ஏனென்றால் அங்கே கடனே இல்லை. நடப்பது சில்லறை மாற்றுவது.

52-ல் 27 கழிக்க வேண்டுமா? ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் அவள் கையில் கொடுத்து, 27 ரூபாய் கேளுங்கள். காசு ஏழு வேண்டும், இருப்பது இரண்டு. ஒரு பத்துத் தாளைக் கொடுத்துப் பத்துக் காசாக மாற்றிக்கொள்வாள். இப்போது கையில் நான்கு தாள், 12 காசு. இங்கே கொஞ்சம் நிறுத்தி, "இப்ப உங்கிட்ட எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். அதே 52-தான் என்று அவள் வாயால் வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது இந்தக் கேள்விதான். பிறகு ஏழு காசும் இரண்டு தாளும் உங்கள் கைக்கு வரும், அவளிடம் 25 நிற்கும். நம் பாடநூல்கள் இதை 'இனமாற்றம்' என்று சரியாகத்தான் சொல்கின்றன. வீட்டுக்கு வந்ததும் நாம்தான் அதைக் கடனாக்கிவிடுகிறோம்.

அடுத்து, நடுவில் பூச்சியம் வரும் இடம். 203-ல் பத்துத் தாளே இல்லை. நூறு ரூபாய்த் தாளைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை மறுபடி காசாக்க வேண்டும். ஒரு நூறு, ஒன்பது பத்து, 13 காசு. 'பூச்சியத்தை வெட்டிட்டு 9 போடு' என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்த 9 இதுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே இன்ஜினியரிங் முடித்தவர்கள் அவினாசி ரோட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆட்டத்துக்கு 1, 10, 100 மட்டும்தான். 5, 20, 50, 200 எல்லாம் பர்ஸிலேயே இருக்கட்டும். அவை வந்தால் பத்துக்குப் பத்து என்ற ஒழுங்கு குலைந்துவிடும்.

கல்லூரி மாணவர், நவ இந்தியா: எந்தக் காலத்துல இருக்கீங்க சார்? தாளு, காசு எல்லாம் யாரு பாக்கறா? எல்லாம் ஜிபே.

உண்மை. 'டிங்' என்ற சத்தத்தைச் சில்லறை மாற்ற முடியாது. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள், பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. கட்டைப் பிரிப்பதுதான் இனமாற்றம். வீட்டில் ஒரு விளக்குமாறு குறையும், அவ்வளவுதான்.

கீரை விற்கும் அம்மா, சிங்காநல்லூர் உழவர் சந்தை: ஞாயித்துக்கெழமை எங்கூட வந்து நிப்பான். யாரு எத்தனை நோட்டு நீட்டுனாலும் மிச்சத்தைக் கரெக்டா எண்ணிக் குடுப்பானுங்க. பள்ளிக்கூடத்துல கணக்குல பெயிலு. படிப்பு ஏறாதுன்னு விட்டுரட்டுங்களா?

விட்டுவிடாதீங்கம்மா. உங்கள் பையனைப் பற்றி நோபல் பரிசு வாங்கியவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ இருவரும் கூட்டாளிகளும் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் காய்கறி வாங்கிப் பார்த்தார்கள். வேண்டுமென்றே கோணலான அளவில் கேட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1.4 கிலோ, கையில் 200 ரூபாய்த் தாள். பிள்ளைகள் காகிதமே இல்லாமல் 37 ரூபாய் என்று சொல்லி மிச்சம் 163-ஐ எண்ணிக் கொடுத்தார்கள். அதே பிள்ளைகளிடம் நோட்டில் எழுதிய வெறும் கழித்தலைக் கொடுத்தபோது பலர் திணறினார்கள். இதன் மறுபக்கத்தை நம் ஊர்ப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நோட்டுக் கணக்கை நன்றாகப் போட்ட பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீர் விற்ற பிள்ளைகளிடம் இதே கதையை 1985-லேயே வேறு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பையன் எப்படி மிச்சம் கொடுக்கிறான் என்று அடுத்த ஞாயிறு கவனியுங்கள். 163 ரூபாய்க்கு 500 நீட்டினால் அவன் கழிக்கவே மாட்டான். 163-க்கு ஏழு போட்டால் 170, முப்பது போட்டால் 200, முந்நூறு போட்டால் 500. ஏழும் முப்பதும் முந்நூறும் 337. ஏறிக்கொண்டே போய்க் கழித்துவிடுகிறான். அருமையான முறை. நோட்டில் அதையே ஒரு கோடு போட்டு, 163, 170, 200, 500 என்று புள்ளி வைத்து எழுதச் சொல்லுங்கள். ஆசிரியரிடமும் ஒரு நடை போய், "எம்பையன் இப்படித்தானுங்க கணக்குப் போடுவான்" என்று காட்டுங்கள். பெயில் போட வேண்டியது சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் பாலம் போடாத எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு.

அப்பாரு, மசக்காளிபாளையம்: பேரனுக்கு நான் சொல்லிக் குடுக்கறதை மருமக தப்புங்கறா. மேல பத்தைச் சேத்து, கீழ ஒண்ணைச் சேத்து நான் எழுவது வருசமாக் கழிக்கறேன். ஒருநாளும் தப்புனதில்லை.

தப்பே இல்லைங்க. 52-ல் 27 என்றால் நீங்கள் மேலே 2-ஐ 12 ஆக்குவீர்கள். 7 போனால் 5. கீழே இருக்கும் 2-ஐ 3 ஆக்குவீர்கள். ஐந்தில் மூன்று போனால் 2. விடை 25. மேலேயும் பத்து ஏறியது, கீழேயும் பத்து ஏறியது, ஆகவே வித்தியாசம் மாறவில்லை. உங்களுக்கும் பேரனுக்கும் இருக்கும் வயசு வித்தியாசம் இன்னும் பத்து வருசம் போனாலும் அதேதானே? இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுங்காலம் இந்த முறைதான் நடந்தது.

மருமகள் பக்கமும் ஒரு வார்த்தை. ஒரு முறையே பிடிபடாத பிள்ளைக்கு ஒரே வாரத்தில் இரண்டாவதைச் சொன்னால் மேலே பத்தைச் சேர்ப்பான், கீழே சேர்க்க மறப்பான், பக்கத்திலிருந்து கடனும் வாங்குவான். முதலில் பள்ளிக்கூட முறை காலூன்றட்டும். உங்கள் வித்தையை அரையாண்டு லீவில் அவிழ்த்துவிடுங்கள்.

அதே வீட்டு மருமகள் (தனியாக எழுதியது): 1000-ல 387 மாதிரி வந்தா எல்லாப் பூச்சியத்தையும் வெட்டி வெட்டி நோட்டே கிழிஞ்சு போகுது.

மாமனாரின் முறையையே திருப்பிப் போடுங்கள், அவரிடம் சொல்ல வேண்டாம். இரண்டிலிருந்தும் ஒன்றைக் குறைத்தால் 999-ல் 386. வெட்டல் இல்லை, மாற்றல் இல்லை, 613.

இரண்டாம் வகுப்பு அப்பா, காளப்பட்டி: முந்நூத்தி அஞ்சுன்னு சொன்னா 3005-ன்னு எழுதறாள்.

காதில் விழுந்ததை எழுதியிருக்கிறாள். முந்நூறு, அதாவது 300, அப்புறம் ஐந்து. பழைய தமிழ் எண்முறையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள். அதில் நூறுக்கு ௱, பத்துக்கு ௰ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. 345 என்றால் ௩௱௪௰௫. 305 என்றால் ௩௱௫, அவ்வளவுதான். பூச்சியத்துக்கு வேலையே இல்லை. இன்றைய முறையில் நூறு என்ற சொல்லுக்குத் தனிக் குறி கிடையாது. 3 நிற்கும் இடம்தான் அதைச் சொல்கிறது. அந்த இடத்தைப் பிடித்துவைக்கத்தான் நடுவில் ஒரு பூச்சியம் காவல் இருக்கிறது. ஏழு வயதில் இது சின்ன விஷயமே இல்லை.

மரியா மான்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போரில் மாட்டிக்கொண்டு, கொடைக்கானலிலும் சில வருடங்கள் இருந்தார். அவர் முறையில் இதற்கு ஒரு எளிய சாமான் உண்டு. 300 என்று எழுதிய நீள அட்டை, 40 என்று எழுதிய நடுத்தர அட்டை, 5 என்று எழுதிய குட்டி அட்டை. வலது ஓரம் ஒட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 345 தெரியும். 300 மேல் 5-ஐ வைத்தால் கடைசிப் பூச்சியம் மட்டும் மறைந்து 305. கல்யாணப் பத்திரிகை அட்டை வீட்டில் கட்டாகக் கிடக்குமே, அதை வெட்டுங்கள்.

ஒரு அம்மா, விளாங்குறிச்சி: 345-ம் 27-ம் கூட்டுனா 615 வருதுங்க அவளுக்கு.

27-ஐ இடது பக்கம் ஒட்டி எழுதியிருப்பாள். எழுத்தையெல்லாம் இடமிருந்து தொடங்கச் சொல்லிவிட்டுக் கூட்டலை மட்டும் வலமிருந்து அடுக்கச் சொன்னால் பாவம் என்ன செய்வாள்? கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால், "345-ல ஒரு முப்பது சேத்தா சுமாரா எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். 375 என்று சொன்ன பிள்ளை 615-ஐச் சந்தேகப்படும்.

கோபக்கார அப்பா, கணபதி: 48-ம் 37-ம் 715-ன்னு எழுதறான். நூறுகூடத் தாண்டாத ரெண்டு எண்ணைக் கூட்டி எழுநூறு!

இந்தப் பொங்கல் போனஸ் உங்களுக்கு இப்படி வந்தால் கோபப்படுவீர்களா?

8-ம் 7-ம் 15. அதை முழுசாக எழுதிவிட்டான். 4-ம் 3-ம் 7. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டான். 'கையில ஒண்ணு' என்கிறோமே, அந்த ஒன்று ஒன்றில்லை, பத்து என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. 40-ம் 30-ம் 70, 8-ம் 7-ம் 15, இரண்டையும் சேர்த்தால் 85 என்று மூன்று வரியில் எழுதட்டும். நீளம்தான், ஆனால் எதுவும் ஒளிந்திருக்காது. சுருக்கு வழி பிறகு தானாக வரும்.

மளிகைக் கடைக்காரர், ஆவாரம்பாளையம்: நான் எப்பவும் பெரிய எண்ணுல இருந்துதான் கூட்டுவேன். டீச்சர் ஒண்ணாம் இடத்துல இருந்துதான் தொடங்கணும்னு சொல்றாங்களாம்.

காகிதத்தில் டீச்சர் சரி, கல்லாவில் நீங்கள் சரி. 347-ம் 286-ம் என்றால் உங்களுக்கு ஐந்நூறு முதலில் வரும், பிறகு நூற்றிருபது, பிறகு பதிமூன்று: 633. முதல் அடியிலேயே ஐந்நூறுக்கு மேல் என்று தெரிந்துவிடுகிறது. வலமிருந்து தொடங்கினால் முதலில் தெரிவது கடைசியில் ஒரு 3. கடையில் அது யாருக்கு வேண்டும்? பிள்ளைக்கு இரண்டும் தெரியட்டும். மனக்கணக்குக்கு உங்கள் முறை, நோட்டுக்கு டீச்சர் முறை.

பெருமைக்கார அம்மா, சித்ரா: எம்பொண்ணு யூகேஜிலயே மூணு இலக்கக் கூட்டல் போடறா. அடுத்து என்ன சொல்லிக் குடுக்கலாம்?

நொண்டி. மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டமே இரண்டாம் வகுப்பு முடியும்போது 99 வரை கழித்தால் போதும் என்றுதான் இலக்கு வைத்தது.

ஒரு தாத்தா, உப்பிலிபாளையம்: விரல் விட்டு எண்ணறாள். அடிச்சுத் திருத்தலாமுங்களா?

பத்து என்ற எண்ணையே நமக்குக் கொடுத்தது அந்த விரல்கள்தான், அவற்றின் மேலேயே கை வைக்காதீர்கள். அவள் எப்படி எண்ணுகிறாள் என்று மட்டும் பாருங்கள். 8-ம் 5-ம் கூட்ட ஒன்றிலிருந்து பதிமூன்று வரை எண்ணினால் முதல் படி. எட்டை மனதில் வைத்து 9, 10, 11 என்று தொடர்ந்தால் இரண்டாம் படி. 8-க்கு ரெண்டு குடுத்தாப் பத்து, மிச்சம் மூணு, பதிமூணு என்று வந்துவிட்டால் விரல் தானாக மடங்கிக்கொள்ளும். பெரிய எண்ணில் தடுமாறும் பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த மூன்றாம் படிக்கு வராமலே மூன்று இலக்கத்துக்குத் தள்ளப்பட்டவர்கள்.

ஐ.டி. அப்பா, சரவணம்பட்டி: அபாகஸ் வகுப்புல சேத்தா மூளை வளரும்ங்கறாங்களே?

கணக்கு வளரும். மூளையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. குஜராத்தின் வதோதராவில் ஒரு பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மூன்று வருடம் மனத்தில் மணிச்சட்டம் நகர்த்தும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். டேவிட் பார்னர் குழுவின் அந்த ஆய்வு 2016-ல் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் கூட்டல் கழித்தலில் முந்தினார்கள். ஆனால் நினைவாற்றல் போன்ற பொதுத் திறமைகளில் அதனால் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பையனுக்குப் பிடித்திருந்தால் அனுப்புங்கள். பீஸைக் கேட்டுவிட்டு உங்கள் மாதச் சம்பளத்தில் நீங்களே ஒரு கழித்தல் போட்டுப் பாருங்கள், இனமாற்றத்துடன்.

அரசுப் பள்ளி ஆசிரியை: ஒரே வகுப்பில் ஒருத்தி நூறு வரை எண்ணவே தடுமாறுகிறாள், இன்னொருவன் ஆயிரத்தில் கழிக்கிறான். யாருக்கு நடத்துவது?

உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை, நீங்கள்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறீர்கள். 2022 ஜூன் 13-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது இதற்காகத்தான். இது வரை யாருக்கும் தகராறில்லை. என் கவலை வேறு. அரும்புக்குக் குச்சிக்கட்டு, மலருக்கு வெறும் எண் என்று சாமான்களும் பிரிந்துவிடுகின்றன. ஆயிரத்தில் கழிப்பவனிடமும் கட்டுகளைக் கொடுத்து, அவன் நோட்டில் வெட்டிய பூச்சியத்தைத் தரையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். சிலர் விழிப்பார்கள். அவர்களுக்கு முறை தெரியும், கணக்கு தெரியாது.

லிப்பிங் மா என்ற சீனப் பெண்மணி 1999-ல் எழுதிய புத்தகத்தில் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் இனமாற்றம் வரும் கழித்தலை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டார். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'கடன் வாங்கு' என்ற படியை விளக்கினார்கள். சீனர்கள் பெரும்பாலும் மேல் இடத்து ஒன்றைப் பிரித்துப் பத்தாக்குவதைப் பற்றிப் பேசினார்கள், வேறு எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்றும் யோசித்தார்கள். சீன ஆசிரியர்கள் அதிகம் படித்தவர்கள் இல்லை, அமெரிக்கர்களைவிடக் குறைந்த வருடங்களே பள்ளி கல்லூரியில் இருந்தவர்கள். பட்டம் வேறு, பத்தைப் பிரிப்பது வேறு.

பழைய ஞாபகக்காரர், சௌரிபாளையம்: அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ண வெச்சாங்க, கணக்குப் புலியாத்தானே வந்தாங்க?

மனப்பாடம் உண்மை. மணலில் விரலால் எழுதி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வாய்விட்டு ஒப்பித்தார்கள். ஆனால் ஒப்பித்தது வெறும் எண்ணை அல்ல. முந்திரியும் முந்திரியும் அரைக்காணி என்று சொல்லும் பையனுக்கு, 320-ல் ஒரு பங்கும் இன்னொரு பங்கும் சேர்ந்தால் 160-ல் ஒரு பங்கு என்ற கணக்கு நிலத்திலும் நெல்லிலும் உதவியது. களத்துமேட்டில் அளக்கும்போது அவன் பக்கத்தில் நின்றிருப்பான். வாய்ப்பாடு மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது, களத்துமேட்டில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண்ட்ரூ பெல் இந்த மணலெழுத்தைப் பார்த்துத்தான், பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் சேர்த்து, 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அங்கே பெயர் வாங்கியது.

டூ வீலர் அம்மா, பீளமேடு: வண்டில போறப்ப வர்றப்பக் கணக்குச் சொல்லிக் குடுக்க முடியுங்களா?

முன்பென்றால் சிக்னலில் 90, 89, 88 என்று இறங்கும் எண்களைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணச் சொல்லியிருப்பேன். நம் போலீஸ்காரர்கள் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யூ டர்ன் போட்டுவிட்டார்கள். மீட்டரைப் பயன்படுத்துங்கள். கிளம்பும்போது 18,746, வீடு திரும்பும்போது 18,759; எத்தனை கிலோமீட்டர் போனோம்? ஐந்து இலக்கக் கழித்தல் என்று நோட்டில் போட்டால் பயப்படும் பிள்ளை, 46-லிருந்து 59-க்கு ஏறி 13 என்று பின்சீட்டிலேயே சொல்லிவிடும். பெரிய எண் எல்லாம் பெரிய கணக்கு இல்லை.

கவலைக்கார அம்மா, ஈரோட்டிலிருந்து பீளமேட்டுக்கு வாக்கப்பட்டவர்: ராமானுஜன் எங்க ஊர்ல பொறந்தவர். எம்பொண்ணுக்கு மட்டும் ஏனுங்க கணக்கு வரல?

1887-ல் ஈரோட்டில் பிறந்தது உண்மை. பள்ளிக்கூடம் போனது பெரும்பாலும் கும்பகோணத்தில். தண்ணீரைக் குறை சொல்வதென்றால் இரண்டுமே காவிரி.

'சும்மா ஒரு கேள்வி', பீளமேடு: நம்ம ஊர்க்காரங்களுக்கே யாராவது கணக்குச் சொல்லித் தரணுமா?

அதுவும் சரிதான். 1926-ல் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நான்கு பேர் அப்பா கோவிந்தசாமி நாயுடுவின் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்து, ஐந்து பங்காகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. நாலு பேருக்கு அஞ்சு பங்கு என்று எந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினாலும் சிவப்பு மை விழும்.

மூன்றாம் வகுப்பு மாணவி, தானே எழுதியது: மிஸ் 3-ல 8 போகாதுன்னு சொல்றாங்க. ஆனா ஊட்டில மைனஸ் டிகிரின்னு டிவில சொன்னாங்க. அப்ப போகும்தானே?

போகும் தங்கம். மூன்று போய் பூச்சியம் வந்த பிறகும் இன்னும் ஐந்து பாக்கி இருக்கும். பெரிய வகுப்பில் அதை மைனஸ் 5 என்று எழுதுவார்கள். அதை வைத்தே 43-ல் 18 கழித்துப் பார்க்கலாமா? 40-ல் 10 போனால் 30. 3-ல் 8 போனால் ஐந்து பாக்கி. 30-ல் அந்த ஐந்தையும் கொடுத்துவிடு, 25. நூறுக்கும் ஆயிரத்துக்கும்கூட இது வேலை செய்யும், நீயே போட்டுப் பார். மிஸ்ஸிடம் காட்டு, சந்தோஷப்படுவார். பரீட்சையில் மட்டும் மிஸ் சொன்ன மாதிரியே போட்டுவிடு. திருத்துபவர் டிவி பார்த்தாரோ என்னவோ.